எர்த் முள்ளை வெட்டாதீர்கள்

பங்குனி வெயில். அருப்புக்கோட்டையில் ஒரு பழுதுபார்க்கும் கடை. திருச்சுழிப் பக்கத்து விவசாயி ஒருவர் வண்டியில் கட்டிக்கொண்டு வந்த சோலார் பம்ப் டிரைவ், மூடி கழற்றிய நிலையில் மேசைமேல் கிடக்கிறது. பக்கத்தில் ஆசிலாஸ்கோப். வேலை பழக வந்த பையன் அதன் பிளக்கைக் கையில் எடுத்தவன், சொருகாமல் நிற்கிறான்.

"அண்ணே, இதுல பெரிய முள்ளைக் காணோமே?"

"நான்தான்டா தம்பி வெட்டி விட்டேன். அது இருந்தா கிளிப்பை வச்சதும் டிரிப் ஆயிருது. வேலையே ஓடாது."

இது ஏதோ ஒரு கடையில் மட்டும் நடக்கிற பேச்சு இல்லை. டிரைவ், யு.பி.எஸ்., இன்வெர்ட்டர், வெல்டிங் மெஷின் என்று எதைத் திறந்து பார்க்கிற ஊரிலும் இந்தப் பேச்சு உண்டு. அண்ணன் கெட்டவர் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அந்த முள்ளோடு சேர்ந்து வெட்டுப்படுவது எது என்று அவருக்கும் அந்தத் தம்பிக்கும் சொல்லவே இந்தக் கட்டுரை. வெட்டுப்படுவது உயிருக்கான காவல். கூடவே, அடிபட்டால் கிடைக்க வேண்டிய இழப்பீடும் வெட்டுப்படலாம்.

கரிசல் காட்டுக்கு ஸ்கோப் எப்படி வந்தது?

ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தப் பக்கத்து மோட்டார் மெக்கானிக்குக் காயில் கட்டத் தெரிந்தால் போதும். டெஸ்டரும் மல்டிமீட்டரும் இருந்தால் பிழைத்துக்கொள்வார். இன்று அருப்புக்கோட்டை நூற்பாலைகளில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது டிரைவ். விசைத்தறிக் கூடங்களிலும் மின்னணுப் பலகைகள் நுழைந்துவிட்டன. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கம் தோட்டத்துக் கிணற்றுமேட்டில் சோலார் பம்ப் நிற்கிறது. சற்றுத் தெற்கே கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையமே எழுந்தது. மழை குறைந்த மண்ணுக்கு வெயில்தான் விளைச்சல் என்று ஆகிவிட்டது.

இந்தக் கருவிகளின் பழுது மல்டிமீட்டருக்குப் பிடிபடாது. டிரைவ் மோட்டாருக்கு அனுப்புவது நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டித் தரும் மின்சாரம். அதன் வடிவத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் ஸ்கோப் வேண்டும். முன்பு கல்லூரி ஆய்வகத்தில் மட்டும் இருந்த கருவி இன்று சிறு கடையும் வாங்கக்கூடிய விலைக்கு இறங்கிவிட்டது. கருவி கடைக்கு வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தும் ஒழுங்கு இன்னும் வந்து சேரவில்லை.

கிளிப்பை வைத்ததும் ஏன் டிரிப் ஆகிறது?

ஸ்கோப்பின் புரோபில் இரண்டு முனைகள். ஒன்று ஊசி முனை. இன்னொன்று முதலைவாய் போன்ற சிறு கிளிப். மல்டிமீட்டர் பழகிய கை இரண்டையும் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் போல நினைத்துவிடுகிறது. தவறு தொடங்கும் இடம் இதுதான். மேசைமேல் வைத்து, மின் இணைப்பில் ஓடும் சாதாரண ஸ்கோப்பில் அந்தக் கிளிப், கருவியின் உடம்போடும் பிளக்கின் பெரிய முள்ளோடும் நேரே இணைந்திருக்கிறது. கிளிப்பை எங்கே மாட்டுகிறீர்களோ, அந்த இடத்தை ஒரு தடித்த கம்பியால் எர்த்தில் கட்டிவிடுகிறீர்கள். நான்கு சேனல் இருந்தால் நான்கு கிளிப்பும் உள்ளே ஒன்றுதான்.

"பேஸில் மாட்டினால்தானே ஆபத்து, நான் மைனஸில்தானே மாட்டுகிறேன்" என்பார்கள். இந்த நம்பிக்கைதான் அதிகம் சுடுகிறது. 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தின் உச்ச அளவு 587 வோல்ட். டிரைவுக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் ஏறத்தாழ அதே அளவு டி.சி. நிற்கும். அதன் மைனஸ் முனை எர்த்தும் இல்லை, நியூட்ரலும் இல்லை. எர்த்தை வைத்துப் பார்த்தால் பிளஸ் முனை முந்நூறு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைய மேலே நிற்கிறது. மைனஸ் முனை அதே அளவு கீழே நிற்கிறது. அங்கே கிளிப்பை வைத்த கணம் மின்சாரம் டையோடு வழியாகப் பாய்ந்து, கிளிப், ஸ்கோப், எர்த் என்று ஓடுகிறது. பொறி பறக்கிறது. புரோப் கருகுகிறது. மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் விழுகிறது.

அந்த டிரிப் தொல்லை இல்லை. "நீ வைத்த இடம் எர்த் இல்லை" என்று கருவி சொல்லும் உண்மை. உண்மை சொன்ன வாயை அடைப்பதுதான் முள்ளை வெட்டுவது.

வெட்டிய பிறகு டிரிப் ஆகாது, அலைவடிவமும் திரையில் தெரியும். ஆனால் கிளிப் மாட்டிய இடத்தின் மின்னழுத்தம் முழுவதும் இப்போது ஸ்கோப்பின் உடம்பில் ஏறி நிற்கிறது. கேபிள் முனையின் உலோகம், திருகு, யு.எஸ்.பி. துளையின் விளிம்பு எல்லாமே கரண்ட். அதில் மடிக்கணினியை இணைத்திருந்தால் அதுவும் சேர்த்தி. வியர்த்த கை ஒன்று அங்கே பட்டு, வெறுங்கால் சிமென்ட் தரையில் இருந்தால், மின்சாரம் எர்த்துக்குப் போகும் பாதை அந்த மனிதனின் நெஞ்சு வழியாகத்தான்.

காய்ந்த மண்ணில் எர்த்

முள் இருந்தால் மட்டும் போதாது. அது போய்ச் சேரும் குழியும் உயிரோடு இருக்க வேண்டும். இந்த வட்டாரத்துக்கு இது தனிக் கவலை. ஈரம் இல்லாத மண் மின்சாரத்தை எளிதில் வாங்காது. கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். எர்த் குழாயை ஒட்டி நின்ற மண் விலகிவிடும். ஐப்பசியில் நன்றாக இருந்த எர்த், சித்திரையில் பேருக்கு மட்டும் இருக்கும்.

குழியில் கரியும் உப்பும் போடுவது பழைய முறை. சீமைக்கருவேலங்கரி மூட்டம் போடுகிற ஊருக்குக் கரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். கோடையில் வாரம் இரண்டு முறையாவது குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, வெயில் உச்சத்தில் இருக்கும்போது, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரைக் கொண்டு எர்த் மின்தடையை அளந்து எழுதி வையுங்கள். மழைக்காலத்தில் அளந்த கணக்கு கோடையில் காப்பாற்றாது.

அப்படியென்றால் எப்படித்தான் அளப்பது?

சரியான வழிகள் உண்டு.

முதல் வழி, டிஃபரென்ஷியல் புரோப். இதற்கு எர்த் கிளிப் கிடையாது. சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர். இரண்டையும் எந்த இரண்டு புள்ளிகளில் வேண்டுமானாலும் வைக்கலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சுருக்கி ஸ்கோப்புக்குத் தரும். ஸ்கோப் எர்த்திலேயே பத்திரமாக இருக்கும். டிரைவ், சோலார் இன்வெர்ட்டர் வேலை பார்க்கும் கடை முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது வழி, இரண்டு சாதாரண புரோப்புகளை வைத்து அளப்பது. சேனல் ஒன்றின் ஊசி ஒரு புள்ளியில், சேனல் இரண்டின் ஊசி மறு புள்ளியில். கிளிப் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். ஸ்கோப்பில் ஒன்றிலிருந்து இரண்டைக் கழிக்கச் சொன்னால் வித்தியாசம் திரையில் வரும். துல்லியம் சற்றுக் குறையும். இரண்டு புரோப்பும் ஒரே வகையாக, அந்த வோல்ட்டைத் தாங்குபவையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, பேட்டரியில் ஓடி, ஒவ்வொரு சேனலும் தனித்தனியே காப்பிடப்பட்ட கையடக்க ஸ்கோப். பேட்டரியில் ஓடுகிறது என்பதற்காக மட்டும் எந்த ஸ்கோப்பும் பாதுகாப்பானது ஆகிவிடாது. கேபிள் முனையில் உலோகம் வெளியே தெரிந்தால் அது உயர்மின்னழுத்தத்துக்கு உரியதில்லை.

ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: பழுதுபார்க்கும் கருவிக்கு அதை மாட்டுங்கள், ஸ்கோப்புக்கு மாட்டாதீர்கள். ஸ்கோப்புக்கு மாட்டினால் முள்ளை வெட்டியதற்கு அது ஒன்றும் குறைந்ததில்லை. கருவிக்கு மாட்டினாலும், அதற்கு அப்பால் ஆர்.சி.சி.பி. உங்களைக் காப்பாற்றாது என்பதை மறக்க வேண்டாம்.

புரோபில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள்

புரோபின் மேலும் ஸ்கோப்பின் துளைக்குப் பக்கத்திலும் சிறு எழுத்தில் எத்தனை வோல்ட், எந்த கேட் என்று போட்டிருக்கும். ஐ.இ.சி. 61010 என்ற சர்வதேசத் தரத்தின்படி வந்த பிரிவு அது. கேட் 2 என்றால் சுவர் பிளக்கில் சொருகும் கருவிகள். கேட் 3 என்றால் விநியோகப் பலகை, நிரந்தரமாக இணைத்த மும்முனை மோட்டார்கள். கேட் 4 என்றால் கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் இணைப்பு. எண் கூடக் கூட, திடீரென்று எகிறும் மின்னழுத்தத்தையும் பின்னால் காத்திருக்கும் பெரும் மின்னோட்டத்தையும் அந்தக் கருவி தாங்க வேண்டும். மில்லின் பேனலில் கேட் 2 புரோப்பை நீட்டுவது, லாரிக்குச் சைக்கிள் பிரேக் போடுவது.

அந்த வோல்ட் அளவும் எல்லா வேகத்துக்கும் பொருந்தாது. அதிர்வெண் கூடக் கூடப் புரோப் தாங்கும் அளவு இறங்கிக்கொண்டே போகும். கையேட்டில் அதற்கு ஒரு வரைபடம் இருக்கும்.

இன்னொரு சிறு சுவிட்ச் பெரிய ஏமாற்றுக்காரன். புரோபில் பத்து மடங்கு சுருக்கம் வைத்துவிட்டு, ஸ்கோப்பில் ஒரு மடங்கு என்றே விட்டுவிட்டால், 560 வோல்ட் இருக்கும் இடத்தில் திரை 56 என்று காட்டும். "கெப்பாசிட்டர் இறங்கிவிட்டது" என்று நம்பிக் கையை வைப்பவர்களை இந்தப் பொய்தான் வீழ்த்துகிறது. ஒவ்வொரு முறையும் தெரிந்த ஒரு மின்னழுத்தத்தை முதலில் அளந்து, எண் சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கை வைக்கும் முன்

மெயினை அணைத்துப் பூட்டுங்கள். சாவி உங்கள் பையில் இருக்கட்டும். டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள். ஐந்து நிமிடம் என்றும் இருக்கும், பதினைந்து நிமிடம் என்றும் இருக்கும். பிறகு மல்டிமீட்டரால் மூன்று முறை பாருங்கள்: முதலில் கரண்ட் இருக்கும் ஓர் இடத்தில் மீட்டர் வேலை செய்கிறதா, அடுத்து கெப்பாசிட்டர், மீண்டும் கரண்ட் இருக்கும் இடம். மீட்டரே செத்துக் கிடந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். ஸ்குரூடிரைவரை வைத்துக் கெப்பாசிட்டரை ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். அதற்கேற்ற மின்தடை மூலம் இறக்குங்கள்.

புரோப்பை அணைத்த நிலையில் மாட்டி, விலகி நின்று, பிறகு மின்சாரம் கொடுங்கள். கை அருகே போக வேண்டியிருந்தால் ஒரு கையே போகட்டும். மோதிரம், சங்கிலி, கடிகாரம் கழற்றி வையுங்கள். காலில் செருப்பும் தரையில் ரப்பர் விரிப்பும் வேண்டும். தனியாக வேலை செய்ய வேண்டாம். மெயின் எங்கே என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சோலாரில் கூடுதல் கவனம் தேவை. ஒரு பலகை 40 வோல்ட் என்றால், தொடராக மாட்டிய பதினாறு பலகை 640 வோல்ட். மெயினை அணைத்தாலும் வெயிலை அணைக்க முடியாது. பலகையிலிருந்து வரும் ஒயரில் பகல் முழுவதும் கரண்ட் இருக்கும். ஏ.சி. மின்பொறி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அணைய வழியுண்டு. டி.சி. பொறிக்கு அந்த வழி இல்லை, நீண்டுகொண்டே எரியும். ஓடிக்கொண்டிருக்கும்போது பலகையின் கனெக்டரைப் பிடுங்கவே கூடாது.

மில் வாசலுக்கு வரும் 11,000, 22,000 வோல்ட் கம்பிகளை ஸ்கோப்பால் அளக்கலாமா என்று யாராவது கேட்டால், ஒரே பதில்: கூடாது. ஆயிரம் மடங்கு சுருக்கும் புரோப் என்று கடையில் கிடைப்பது மின்னணுக் கருவிகளுக்கு. கம்பத்துக்கு இல்லை. அங்கே இதற்கென்று பொருத்திய மின்மாற்றிகளின் வழியாக, அதற்குரிய தகுதி பெற்றவர்கள்தான் அளக்க வேண்டும்.

அடிபட்டால்

விழுந்தவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின். முடியாவிட்டால் உலர்ந்த கட்டையால் ஒயரை விலக்குங்கள். உயரழுத்தக் கம்பி என்றால் அதுவும் கூடாது, மின்வாரியம் நிறுத்தும் வரை தள்ளி நில்லுங்கள். மூச்சில்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு நூறுமுதல் நூற்றிருபது முறை அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லண்ணே" என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுங்கள். மின்சாரம் தோலில் சிறு புள்ளியாகச் சுட்டுவிட்டு, உள்ளே தசையையும் இதயத் துடிப்பையும் கெடுத்திருக்கும். மருத்துவச் சீட்டில் "வேலையின்போது மின்னதிர்ச்சி" என்று எழுதச் சொல்லுங்கள். சிகிச்சைக்கும் அது வேண்டும், உரிமைக்கும் அது வேண்டும்.

சட்டம் உங்கள் பக்கம் நிற்பது எப்போது?

வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்த விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் உள்ள சட்டம். இப்போது 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. முதலாளியின் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள் கோர வேண்டும். தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கலாம்.

ஆனால் அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பாதுகாப்புக்காக வைத்த அமைப்பைத் தெரிந்தே வேண்டுமென்று தொழிலாளி அகற்றியிருந்தால், இழப்பீட்டை மறுக்க முதலாளிக்கு இடமுண்டு. மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் மட்டும் அந்த வாதம் எடுபடாது. இரண்டு விரல் கருகிய தம்பிக்கு அது எடுபடக்கூடும். வெட்டிய எர்த் முள் யார் கையால் வெட்டப்பட்டது என்ற கேள்வி அங்கே வரும். எனவே முதலாளி வெட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். "எர்த் இல்லாத கருவி, புரோப் தேவை" என்று செல்பேசியில் ஒரு செய்தியாவது அனுப்பி வையுங்கள். நாளைக்கு அதுதான் சாட்சி.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மில்லிலோ பட்டறையிலோ மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. வேலையில் பட்ட காயத்துக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதப்பட்டதா என்று பாருங்கள். இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு அந்த வழிதான். இரண்டு இடத்திலும் கோர முடியாது. பணியிடப் பாதுகாப்புக்கான 2020-இன் தொகுப்பு, பாதுகாப்புக் கருவிக்குத் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது என்கிறது. டிஃபரென்ஷியல் புரோப் முதலாளியின் செலவு. உங்கள் சம்பளத்தில் கழிக்கும் கணக்கு அது இல்லை.

மின்விபத்தில் உயிரோ உடலோ பாதிக்கப்பட்டால் மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு. அவர் விசாரித்துத் தரும் அறிக்கை இழப்பீட்டு வழக்கில் பெரிய ஆதாரம். "வெளியில் தெரிய வேண்டாம், நாமே பார்த்துக்கலாம்" என்று சொல்பவர்களை நம்பி அதை விட்டுவிடாதீர்கள். கம்பம், அறுந்த கம்பி, ஏறி இறங்கும் மின்னழுத்தம் போன்ற புகார்களுக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண் இருக்கிறது.

சொந்தக் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு முதலாளி இல்லை. இழப்பீடு கேட்கவும் ஆளில்லை. அவர் அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்துகொள்ளட்டும். வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 18 முதல் 70 வயதுவரை சேரலாம். பொய்யான கேட் முத்திரை குத்தி விற்ற புரோப்பால் அடிபட்டவர், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தயாரிப்பாளர் மீதும் விற்றவர் மீதும் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். அதற்கு ரசீதும் கருகிய புரோப்பும் வேண்டும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1915 என்ற எண்ணில் வழி கேட்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர் 15100-க்குப் பேசினால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும்.

இன்றைக்கே ஒரு வேலை

படித்து முடித்ததும் கடையிலுள்ள ஸ்கோப்பின் பிளக்கைப் பாருங்கள். பெரிய முள் இல்லை என்றால், எதிர்க் கடையில் ஒரு புது மூன்று முள் பிளக் வாங்கி இன்றே மாட்டுங்கள். அந்தச் செலவு இரண்டு வேளைச் சாப்பாட்டைத் தாண்டாது. பிளக் பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதியுங்கள். பின்கட்டிலுள்ள குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

பிறகு அந்தத் தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: "இனிமே டிரிப் ஆனா பிளக்கைப் பார்க்காதடா. கிளிப்பை எங்க வச்சேன்னு பாரு." காணாமல் போன முள்ளைக் கவனித்துக் கேட்டவன் அவன். அந்தக் கண்ணை மூட வைக்காமல், கேள்விக்குச் சரியான பதிலைத் தருவதுதான் தொழில் கற்றுத் தருபவரின் கடமை.